சரித்திரம் என்னும் சொல்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெடுங்கதையைத் தமிழின் முதல் நாவல் என்கிறோம். ஆனால் ஆசிரியர் அதற்கு இட்ட பெயர் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்பதே. முன்னுரையில் 'வசன காவியம்' என்னும் வகைப்பெயரை ஆள்கிறார். பிரதாப முதலியார் என்று ஒருவர் வாழ்ந்ததில்லை. ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசாண்ட நாடு எந்த நிலப்படத்திலும் இல்லை. முனிசீப்பாக அமர்ந்து மெய்யையும் பொய்யையும் பிரித்துத் தீர்ப்பு எழுதியவர், கற்பனைக்குச் சரித்திரம் எனப் பெயர் சூட்டியது ஏன்?

ஆங்கில வழக்கு ஒரு காரணமாகலாம். ஹென்றி ஃபீல்டிங் 1749-இல் டாம் ஜோன்ஸ் என்னும் கற்பனை மாந்தனின் கதையை 'ஹிஸ்டரி' என்றே வெளியிட்டார். எனினும் காரணம் அதனினும் அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சரித்திரம் வடசொல். நடத்தல், இயங்குதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. நடத்தை, ஒழுக்கம் என்பனவே அதன் பழம்பொருள். காலால் நடப்பதையும் ஒழுகும் விதத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழுக்கும் இயல்புதானே! நம் முன்னோர் புனிதர்களின் வாழ்க்கையை 'அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம்' என்றனர். அதனை வாசிக்கக் கேட்டவர்கள் ஆண்டுக் கணக்கையா தேடினார்கள்? தாங்கள் பின்பற்றத்தக்க நடையைத் தேடினார்கள். 1826-இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த வேதநாயகருக்கு இவ்வழக்கு அந்நியமாய் இருந்திராது. நல்லொழுக்கம் புகட்டவே கதை எழுதியவருக்கு இதனினும் பொருத்தமான சொல் ஏது?

அவருக்குப் பின் ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1896-இலும், மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898-இலும் நூலாயின. பின்னர் 'நாவல்' நிலைத்தது. 'புதினம்' அதன் தமிழாக்கம். இரண்டும் புதுமையைச் சொல்கின்றன, மனிதரைச் சொல்லவில்லை. நூறாண்டு கடந்த கதையையும் புதினம் என்று அழைப்பது சற்று வேடிக்கைதான்.

இதற்கிடையே சரித்திரம் மன்னர்களிடமும் போர்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. பள்ளிப் பாடத்தில் 'வரலாறு' அதன் இடத்தைப் பெற்றது. கமலாம்பாளோ நாடாண்டவள் அல்லள். மதுரைச் சீமைச் சிற்றூரில் ஊராரின் அவதூறுக்கு ஆளான ஒரு குடும்பப் பெண். அவளுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்று நூலின் முகப்பிலேயே அச்சிட்டார்கள். 'கமலாம்பாள் புதினம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த மதிப்பு அதில் வருகிறதா?