காந்தியின் அபரிக்கிரகமும் கஸ்தூர்பாவின் கேள்வியும்

சாத்திரங்கள் போற்றும் நற்குணங்கள் பெருந்தலைவர் ஒருவரின் வாழ்வில் துலங்கியதை எடுத்துக்காட்டும் கட்டுரைகள் நம் கருத்தரங்குகளில் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகின்றன. அவற்றின் முறை பெரும்பாலும் ஒன்றே. கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்வ இயல்புகள் என்று 26 குணங்களை அடுக்குகிறது. அச்சமின்மை, வாய்மை, கொல்லாமை, சினமின்மை என ஒவ்வொன்றுக்கும் நேராகத் தலைவரின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி வைக்கப்படும். இறுதியில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிடும். முதுகலை மாணவனாக இருந்தபோது நானும் அப்படியொரு கட்டுரை எழுதி மதிப்பெண் பெற்றவன்தான். அந்தக் குணம் எப்போது வந்தது, எதை விலையாகக் கொடுத்து வந்தது, அவ்விலையைக் கொடுத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு அம்முறையில் இடமில்லை என்பது பின்னரே விளங்கியது.

எனவே இப்பதிவில் ஒரே ஒரு தலைவரையும் ஒரே ஒரு சொல்லையும் எடுத்துக்கொள்கிறேன். தலைவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. சொல் ‘அபரிக்கிரகம்’, அதாவது உடைமை கொள்ளாமை.

காந்தி கீதையை முதன்முதலில் படித்தது 1889இல் லண்டனில், எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலச் செய்யுளாக்கத்தில். பிறந்த வீட்டில் வழிவழியாகப் பெற்ற நூலன்று அது. பிரம்மஞான சபையைச் சார்ந்த இரு நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் கைக்கு வந்த நூல். 1903 வாக்கில், ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞராக இருந்தபோதுதான் அதில் ஆழ்ந்தார். காலையில் பல் துலக்க 15 நிமிடம், குளிக்க 20 நிமிடம். அந்த 35 நிமிடத்தில் எதிர்ச்சுவரில் சுலோகங்களை எழுதி ஒட்டிவைத்து 13 அத்தியாயங்களை மனனம் செய்தார். அந்நாட்களில் தம்மைப் பற்றிக்கொண்ட சொற்களாக ‘அபரிக்கிரகம்’, ‘சமபாவம்’ ஆகிய இரண்டையும் ‘சத்திய சோதனை’யில் அவரே குறிப்பிடுகிறார்.

இங்கே நூலாய்வாளர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கீதையில் இச்சொல் வரும் முக்கிய இடம் 6ஆம் அத்தியாயம். அங்கே பேசப்படுபவன் தனித்து, ஒதுக்கிடத்தில் அமர்ந்து, மனத்தை அடக்கும் யோகி. பதஞ்சலியின் யோக சூத்திரம் இதனை ஐந்து யமங்களுள் ஒன்றாக வைக்கிறது. அதுவும் சாதகனுக்குரிய ஒழுக்கமே. காந்தியோ மனைவியும் மக்களும் அலுவலகமும் கட்சிக்காரர்களும் உடைய இல்லறத்தார். மனைவி மக்களும் உடைமை அல்லவா, அலமாரி நிறைய இருக்கும் புத்தகங்களை என்ன செய்வது என்று அவர் குழம்பியது இயல்பே.

அம்முடிச்சை அவிழ்க்க உதவியது உரையாசிரியர் எவருமல்லர். லண்டனில் தேர்வுக்காகப் படித்த ஸ்னெல் என்பவரின் ஒப்புரவுச் சட்ட நூல். டிரஸ்டி என்பவர் பெருஞ்செல்வத்தைக் கையாள்கிறார். அதில் ஒரு துளியையும் தமதென்று கருதுவதில்லை. கீதை கேட்பதும் இதுவே என்று காந்தி தெளிந்தார். தனித்திருக்கும் யோகிக்கு உரிய சொல், ஆங்கிலச் சட்டத்தின் வழியாக இல்லறத்துக்குள் நுழைந்தது. தமிழில் டிரஸ்டியைத் ‘தர்மகர்த்தா’ என்றே வழங்கினோம் என்பது நினைவுக்கு வருகிறது. நம் மொழி இந்த இணைப்பை வெகு எளிதாக ஏற்றுக்கொண்டது.

தெளிவு பிறந்ததும் செயல் உடனே தொடர்ந்தது. பம்பாயில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் முகவர் பேச்சில் இணங்கி எடுத்திருந்த 10,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டைக் கைவிட்டார். மனைவி மக்களைப் படைத்த இறைவன் அவர்களைக் காப்பான் என்பது அவர் நியாயம். தந்தையின் இடத்தில் இருந்து தம்மை வளர்த்த அண்ணன் லட்சுமிதாசுக்கு, இனித் தம்மிடமிருந்து பணம் எதிர்பார்க்கவேண்டாம், சேமிப்பெல்லாம் இந்திய சமூகத்துக்கே என்று எழுதினார். தம்பியை லண்டனுக்கு அனுப்பப் பாடுபட்ட அண்ணன் கடும் சினங்கொண்டு கடிதத் தொடர்பையே நிறுத்தினார். வாழ்வின் கடைசிக் கட்டத்தில்தான் அவர் மனம் மாறி, தம்பியிடம் மன்னிப்புக் கோரித் தம் பிள்ளைகளை அவர் பொறுப்பில் ஒப்படைக்க விரும்பினார். சந்திப்பு மட்டும் நிகழவில்லை.

கீதைச் சொல் பற்றிக்கொள்வதற்கு முன்பே இதன் ஒத்திகை ஒன்று நடந்திருந்தது. 1901இல் நேட்டாலை விட்டுப் புறப்படும்போது மக்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகள் அளித்தனர். அவற்றுள் 50 கினி பெறுமானமுள்ள பொன் சங்கிலி ஒன்று கஸ்தூர்பாவுக்கென்றே தரப்பட்டது. அன்றிரவு காந்திக்கு உறக்கமில்லை. பார்சி ருஸ்தம்ஜி முதலியோரை அறங்காவலராக்கி அனைத்தையும் சமூகத்துக்கு ஒப்படைக்கக் கடிதம் எழுதினார். பிள்ளைகளை முதலில் இணங்கவைத்தார். கஸ்தூர்பா இணங்கவில்லை. நாளை வரும் மருமகள்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். பரிசு என் சேவைக்கா, உன் சேவைக்கா என்று கணவர் மடக்கியபோது, உங்கள் சேவை என் சேவையும்தான், உங்களுக்காக இரவு பகல் உழைத்தது சேவையாகாதா என்று திருப்பினார். இக்கேள்விக்குக் காந்தியிடம் விடையில்லை. எப்படியோ அவர் சம்மதத்தைப் பிடுங்கினேன் என்ற பொருளில்தான் எழுதுகிறார்.

அந்தச் சங்கிலி யாருடையது? தருமசாத்திரம் பெண்ணுக்குச் சீதனம் என்ற தனியுடைமையை ஏற்கிறது. ஆயினும் கணவன் இருக்கையில் அயலார் அன்பினால் தந்ததும், கைத்தொழிலால் அவள் ஈட்டியதும் கணவனின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்கிறார் காத்யாயனர். ஆக, இவ்வழக்கில் ஸ்மிருதி காந்தியின் பக்கம் நிற்கிறது. ஒப்புரவுச் சட்டம் நிற்குமா? பிறர் உடைமையை அறக்கட்டளைக்கு எழுதிவைக்க எந்த டிரஸ்டிக்கும் உரிமையில்லை. துறந்தவர் ஒருவர், துறக்கப்பட்டது இன்னொருவருடையது என்னும் இச்சிக்கலை 26 கட்டப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கீதை இதனை மறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 13ஆம் அத்தியாயம் ஞானத்தின் இலக்கணங்களைக் கூறுமிடத்தில் மகன், மனைவி, வீடு ஆகியவற்றில் ஒட்டாமையை வெளிப்படையாகவே பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆகவே காந்தியின் கடுமை அவருடைய தனிப்பட்ட குறை மட்டுமன்று. அக்குணத்தின் உள்ளேயே இருக்கும் கடுமை. நண்பர் பிராண்ஜீவன் மேத்தா லண்டன் படிப்புக்கு அளிக்க முன்வந்த உதவி மகனுக்குச் செல்லாமல் வேறொருவருக்குச் சென்றதும், மூத்தவர் ஹரிலால் 1911இல் தந்தையைப் பிரிந்ததும் இதே வரிசையில் வருபவை. 1929 ஏப்ரலில், ஆசிரம விதியை மீறிக் கஸ்தூர்பா நான்கு ரூபாய் வைத்திருந்ததை நவஜீவன் இதழில் ஊரறிய எழுதினார் காந்தி. அதற்கு இரண்டு மாதம் கழித்து, இமயமலைச் சாரலில் கௌசானியில் தங்கித் தம் கீதை மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதினார். நூலின் பெயர் ‘அநாசக்தி யோகம்’, பற்றின்மையின் யோகம். இவ்விரண்டு எழுத்துகளையும் அருகருகே வைத்துப் படித்த நாளில் எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. சங்கிலி பற்றிய வாதத்தில் கஸ்தூர்பா சொன்னவை நமக்குத் தெரிவது எப்படி? காந்தி எழுதியதால் மட்டுமே. தம்மைத் திணறவைத்த கேள்வியை, அதன் கூர்மை குன்றாமல், கால் நூற்றாண்டுக்குப் பின் தம் கையாலேயே பதிவு செய்தார். முடிவு சரியே என்று இறுதிவரை கருதியபோதும் எதிர்வாதத்தை மெலிவாக்கிக் காட்டவில்லை. சாத்திரம் சொன்ன குணங்களுள் அவரிடம் ஐயமின்றி நான் காண்பது அபரிக்கிரகத்தைவிட இந்த வாய்மையையே. வரலாற்றாய்வாளனுக்கு இதில் ஒரு சுயநலமும் உண்டு: அந்த வாய்மை இல்லையேல் எனக்குச் சான்றே இல்லை.

1937 ஜனவரியில், கோயில் நுழைவுப் பிரகடனத்தை அடுத்துத் திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்தபோது, ஈசாவாசிய உபநிடதத்தின் முதல் மந்திரத்தையே கூட்டந்தோறும் விளக்கினார். அனைத்தும் இறைவனுடையது, துறந்து துய் என்னும் கருத்தில் தர்மகர்த்தாக் கொள்கை முழுவதும் அடங்கியிருப்பதாகக் கண்டார். ஜோகன்னஸ்பர்க்கில் சட்டநூல் வழியாகப் பெற்ற பொருளுக்கு 30 ஆண்டுகளுக்கும் மேலாகிய பின் உபநிடதத்தில் மூலம் கிடைத்தது.

1944 பிப்ரவரி 22இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா மறைந்தார். காந்தி நூற்ற நூலில் நெய்த சேலையே உடலுக்கு உடுத்தப்பட்டது. அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டு, சிற்றூர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் காந்தி.