மஷிகோ: நிலநடுக்கமும் சூளைகளின் மீட்பும்
மஷிகோ, ஜப்பானின் தொச்சிகி மாநிலத்தில், டோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள குயவர் ஊர். 1853-இல் ஓட்சுகா கெய்சபுரோ இங்கே சூளை போட்டார். சாடி, தண்ணீர்க்குடம், அடுக்களைப் பாண்டம் எனப் புழங்குபொருள்களே நெடுங்காலம் இவ்வூரின் சரக்கு. 1924-இல் குடியேறிய குயவர் ஹமாதா ஷோஜி, அந்த எளிய பாண்டங்களின் அழகை உலகறியச் செய்தார்.

2011 மார்ச் 11 அன்று, 9.0 அளவிலான கிழக்கு ஜப்பான் பெருநிலநடுக்கத்தில் இங்குள்ள சூளைகள் பல சரிந்தன. கடலோரத்தைச் சுனாமி வாரிக்கொண்டு போயிருந்ததால் உள்நாட்டு ஊரின் இழப்பு செய்திகளில் பின்னுக்குப் போனது. சரிவில் அறைமேல் அறையாக ஏறும் விறகுச் சூளையான ஏறுசூளையின் வளைகூரையைத் தாங்குவது செங்கற்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசைதான். பக்கவாட்டில் குலுங்கினால் பிடி விட்டுவிடும். உடையாத செங்கல்லைத் தேர்ந்து மறுபடி கட்டலாம். ஆனால், புதுச்சூளை நன்றாக உலரும்வரை பாண்டம் சுட முடியாது, வருமானமும் இராது. உதவி மிகத் தேவைப்பட்டது இந்த இடைவெளியில்தான்.

ஹமாதா 1977-இல் திறந்த அருங்காட்சியகமும் சேதமுற்றது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் திரண்ட நன்கொடையால் அது சீரமைக்கப்பட்டது. வெளிநாட்டு உதவிக்குப் பின்னணியும் உண்டு: 1920-இல் ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சுடன் ஹமாதா சூளை கட்டிய இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊருடன் மஷிகோவுக்குப் பழைய உறவு உண்டு. ஹமாதாவின் இடிந்த ஏறுசூளை திரும்பக் கட்டப்பட்டு, பல குயவர்களின் பாண்டங்களை ஒருசேர அடுக்கி 2015-இல் மூட்டப்பட்டது.