தீக்கையில் தீ இல்லை

தீக்கை என்னும் சொல்லைத் தீ + கை என்று பிரித்து, மலத்தைச் சுட்டெரிக்கும் குருவின் கை என்று பொருள் சொல்வோர் உளர். அவர்களிடம் சான்று இல்லாமல் இல்லை. கிரியையில் ஓமத்தீ உண்டு. ஆசாரியர் தம் வலக்கையைச் சிவகத்தமாகப் பாவித்துச் சீடன் தலையில் வைப்பதும் உண்டு. தீக்குச்சி, தீக்கொழுந்து போலப் புணர்ச்சியும் பொருந்துகிறது. ஆயினும் தீட்சை என்ற வடிவத்தின் முன் இப்பிரிப்பு நிற்காது. பிட்சு பிக்கு, மோட்சம் மோக்கம், தட்சிணம் தக்கணம் என்னும் இணைகளின் வரிசையில் நிற்பதே தீட்சை தீக்கை. வடசொல்லின் இடையில் வரும் க்ஷகரம் இரு ககரமாகும், ஆகார ஈறு ஐகாரமாகும் என்று நன்னூலார் விதித்தது இதற்குப் போதும். பிக்குவைப் பிரிக்கத் துணியாதவர் தீக்கையை மட்டும் பிரிப்பது முறையன்று.

ஒலி ஒத்தால் போதும் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் முன்பும் பிழை செய்திருக்கிறது. ஊர்காவற்றுறையை ஊர், காவல், துறை என்று பிரித்துக் கோட்டையைக் காட்டுவர். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டோ அதை ஊராத்துறை என்றே பொறித்துள்ளது. பரதேசிகள் அங்கு வந்து இறங்கவேண்டும். யானை குதிரை ஏற்றிய கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, மற்றச் சரக்குக் கலமாயின் பாதி என்று விதிக்கும் கல் அது. பாளி நூல் அதே துறையைச் சூகரதித்த, அதாவது பன்றித்துறை என்கிறது. சிங்களத்தில் ஊரா என்றால் பன்றி. துறையின் பெயரில் காவல் பிற்காலத்தார் செருகியது. தீக்கைக்குள் தீ நுழைந்ததும் அவ்வாறே.

ஞானத்தைக் கொடுத்து மலத்தைக் கெடுப்பதால் தீட்சை என்று ஆகம வழியினர் கூறும் விளக்கம் போற்றத்தக்கது. ஆனால் அது சித்தாந்தம், சொற்பிறப்பு அன்று. வேத காலத்துத் தீட்சிதன் சோம வேள்விக்காக நோன்பேற்ற எசமானன். வேள்வி முடிவில் அவபிருத நீராட்டோடு அவன் தீட்சையும் முடிந்தது. மலநீக்கம் பின்னர் ஏறிய பொருள். அப்படி விரிந்த கிரியையின் உயிர் நெருப்பில் இல்லை என்பதற்கு யப்பான் சாட்சி. குக்காய் என்னும் துறவி 805இல் சீனத்துச் சாங்கானில் ஹுய்குவோவிடம் பெற்றதும், 812இல் தக்காவோ மலைக் கோயிலில் தாமே பிறர்க்கு அளித்ததும் கன்ஜோ எனப்படும். உச்சியில் நீர் சொரிதல் என்பது பொருள்; அபிஷேகம் என்பதன் பெயர்ப்பு. கண்ணைக் கட்டிச் சீடனை மண்டலத்தின்மேல் மலர் இடச் செய்வர். மலர் எங்கு விழுகிறதோ அங்குள்ள தெய்வம் அவனுக்குரியது. சைவக் கிரியை நூலாகிய சோமசம்பு பத்ததியிலும் சீடன் கண் கட்டுண்டே மலர் இடுகிறான். அது விழுந்த இடத்தைக் கொண்டே தீட்சாநாமம் பெறுகிறான். ஆசாரியப் பதவி தரும் அவர்களுடைய தென்போ கன்ஜோவும் நம் ஆசாரியாபிஷேகமும் ஒரே படி. ஹுய்குவோவின் குருவாகிய அமோகவச்சிரர் 741இல் சீனத்திலிருந்து புறப்பட்டு, இலங்கையில் அபிஷேகம் பெற்று, 746இல் திரும்பியவர் என்பதையும் நினைக்கவேண்டும். ஓமமும் யப்பானுக்குச் சென்றது. ஆனால் கோமா என்ற தனிப்பெயரோடு நின்றது. கன்ஜோவின் பெயரில் தீ ஏறவில்லை.

நிர்வாண தீட்சையில் பாசசூத்திரத்தை அறுத்து ஓமத்தில் இடுகிறார்களே என்று கேட்கலாம். அது நிர்வாணத்துக்குரியது, தீக்கை என்ற பெயரோ சமயம், விசேடம், நிர்வாணம் மூன்றுக்கும் பொது. சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரம் கூறும் நயனமும் பரிசமும் வாசகமும் தீ வேண்டாதவை. யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘தீட்சை கேட்டவர்’ என்றே சொல்வர். செவியில் விழும் மந்திரமே அவர்களுக்குத் தீட்சை.

தீக்கை பாகத வழியே தமிழுக்கு வந்தது என்பேன். நன்னூல் விதி இருக்கப் பாகதம் எதற்கு என்பது இன்னொரு தடை. விதி பின்னது, வழக்கு முன்னது. அவ்விதியே பாகத வாயில் நிகழ்ந்ததைத்தான் பதிவு செய்கிறது. பாகதத்தில் திக்கா என்று குறிலாக இருக்க, தமிழில் நெடில் நின்றது வடமொழி கற்றோர் செய்த திருத்தம் என்றே கொள்கிறேன். பிக்குவைத் தமிழுக்குத் தந்த பௌத்தரும் அவர்களோடு சமணருமே தீக்கையையும் தந்தனர். தீட்சை ஆகமத்தோடு பின்னர் வந்தது. இது என் துணிபு.