எல்லையில் ஓர் உடம்படுமெய்

மூலக்கூற்றின் ஒரு பகுதியைக் குவாண்டம் விதிப்படியும், எஞ்சியதைச் செவ்வியல் விதிப்படியும் கணித்தால், இரண்டும் கூடுமிடத்தில் என்ன செய்வது? ஜொகூர் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாற்றைச் சென்னையிலிருந்து சொல்லத் தொடங்குகிறோம்.

1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர், அணுக்களைத் திண்கோளங்களாகக் கொண்டு, புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு திரும்ப இயலும் என வரையறுத்தனர். வடிவத்தை அறிய அது போதும். பிணைப்பு முறிவதை அறிய எலக்ட்ரான் கணக்கு வேண்டும். புரதம் முழுவதற்கும் அக்கணக்கு அன்று இயலாதது. எனவே 1976இல் வார்ஷெல், லெவிட் இருவரும் லைசோசைம் நொதியில் வினை நிகழும் பகுதியை மட்டும் குவாண்டம் முறையில் கணித்தனர். 2013இல் கார்பிளசுடன் வேதியியல் நோபெல் பரிசும் பெற்றனர்.

எல்லையில் பிணைப்பை வெட்டினால், அணுவின் இணைதிறன் நிறைவுறாது நிற்கும். 1986இல் சிங், கோல்மன் ஆகியோர் அவ்விடத்தில் இணைப்பணு ஒன்றை இட்டு நிரப்பினர். பெரும்பாலும் ஹைட்ரஜனே இதற்குப் பயன்படுகிறது. 'மணி', 'அடி' புணருங்கால் யகரம் தோன்றி 'மணியடி' ஆவதை நாம் அறிவோம். இணைப்பணுவும் அத்தகைய உடம்படுமெய்யே. வேறுபாடு ஒன்றுண்டு: யகரம் பேச்சில் ஒலிக்கிறது, இந்த ஹைட்ரஜனோ மெய்யான மூலக்கூற்றில் இல்லை. அருகிலுள்ள செவ்வியல் மின்னூட்டம் அங்குள்ள எலக்ட்ரான்களை மிகையாக ஈர்க்கவும் கூடும். ஆதலின் வினையிடத்திற்கு விலகிய கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பையே பெரிதும் தேர்ந்து வெட்டுவர். வெட்டுமிடம் தவறினாலும் கணினி விடை தரும், அவ்விடை பிழைபட்டிருக்கும். சொற்களைப் பிரித்தெழுதக் கற்பிக்கும் ஆசிரியர் இதனை எளிதில் உணர்வர்.