பல் லேப்பிலிருந்து நகத்துக்கு

பிலடெல்பியாவில் ஃபிரெடெரிக் ஸ்லாக் என்றொரு பல் டாக்டர். 1954-இல் அவருடைய கட்டைவிரல் நகம் உடைந்தது. கைக்கெட்டிய பல் அக்ரிலிக்கைக் குழைத்து, அலுமினியத் தாளை அடியில் கொடுத்து, தனக்கே ஒரு நகம் கட்டிக்கொண்டார் என்பார்கள். பல் செட் கட்டிப் பிழைக்கிற எனக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை. வேலை முடிந்து எழுந்தால் எங்கள் விரலெல்லாம் அந்த மாவுதான். அதை நகமாக்கி விற்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பவுடரும் லிக்விடும் கலந்து இறுக்குவது எங்கள் தொழில். பவுடர் ஏற்கெனவே கெட்டிப்பட்ட பாலிமர். லிக்விட், மெதில் மெத்தாக்ரிலேட். பார்லர்காரர்கள் இந்த லிக்விடையே நகத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் செட்டை வெந்நீரில் வேகவைத்து, இறுகாத லிக்விடைக் குறைத்த பிறகுதான் வாயில் வைக்கத் தருவோம். அவர்களோ ஈரத்தோடு நகத்தில் பூசி அங்கேயே இறுகவிட்டார்கள். நகம் கோணியது, தோல் வெந்தது. புகார்கள் குவிய, 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீதிமன்றம்வரை போய், முழுக்க மெதில் மெத்தாக்ரிலேட்டால் ஆன நகச் சரக்குகளைச் சந்தையிலிருந்து அகற்றியது. அந்த இடத்துக்கு எதில் மெத்தாக்ரிலேட் வந்தது.

நகத்தில் பசை பூசிப் பவுடரில் முக்கி எடுப்பது டிப் பவுடர் முறை. என் மகள் வாங்கிவந்த அந்த கிட்டில் மெத்தாக்ரிலேட் லிக்விடே இல்லை. பவுடர் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அதைப் பிடித்து நிறுத்துவது சயனோஅக்ரிலேட் பசை. 1942-இல் ஈஸ்ட்மன் கோடக்கில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது அகப்பட்டது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார். 1958-இல் அதுவே பசையாகக் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயத்து ரத்தத்தை நிறுத்தவும் அதைத் தெளித்தார்கள். அந்தப் போருக்குத் தப்பி 1975-இல் கலிபோர்னியா முகாமுக்கு வந்த பெண்களுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் நகக்கலை கற்பிக்க ஏற்பாடு செய்தார். இன்று அமெரிக்க நகக்கடைகளில் வியட்நாமியர் நிறைந்திருப்பதற்கு அது ஒரு தொடக்கம்.

கிட் வாங்கும்போது நிறத்தைப் பிறகு பாருங்கள். முதலில் புட்டியின் முதுகைப் படியுங்கள். பவுடரில் ‘பாலிமெதில்’ என்றிருந்தால் பயமில்லை. ஏதாவது ஒரு திரவத்தில் வெறும் ‘மெதில் மெத்தாக்ரிலேட்’ என்றிருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். பசையை இறுக்குகிற ஆக்டிவேட்டர் புட்டியில் டைமெதில் டோலிலமீன் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது: வேகவைக்காமலே இறுகும் கோல்டு க்யூர் லிக்விடில் எங்களுக்கு உழைக்கிற அதே ஆள்!

பசையைத் தோலில் படாமல், நகக்கண்ணுக்குச் சற்று தள்ளிப் பூச வேண்டும்; பட்டால் ஒவ்வாமை வரலாம். பவுடர் டப்பாவுக்குள் ஆளுக்கு ஆள் விரல் விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். சின்ன ஸ்பூனால் அள்ளி நகத்தில் தூவலாம். ஆக்டிவேட்டர் நன்றாகக் காயாமல் மேல்பூச்சு பிரஷை வைத்தால், பிரஷ் குச்சியாக இறுகிவிடும். கழற்றும்போது மேல்பூச்சை அரத்தால் தேய்த்துவிட்டு அசிட்டோனில் ஊறவிடுங்கள். நெம்பினால் சொந்த நகமும் ஏடு ஏடாகக் கூட வரும். சிந்திய பசையை மட்டும் பஞ்சால் துடைத்துவிடாதீர்கள். பஞ்சு பட்டால் சயனோஅக்ரிலேட் சட்டென்று சூடேறி விரலைச் சுட்டுவிடும்.