சொல்லாமலிருப்பதற்குச் சம்பளம்

கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ நாவல் 1989இல் வந்தது. அந்த வருஷமே புக்கர் பரிசும் கிடைத்தது. 1993இல் ஜேம்ஸ் ஐவரி அதைப் படமாக எடுத்தார். படம் பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் ஸ்டீவன்ஸ் பட்லர், மிஸ் கென்டன் ஹவுஸ்கீப்பர். இருவருக்கும் மனசுக்குள் காதல். அவன் சொல்லவில்லை. அவள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இருபது வருஷம் கழித்துத் தேடிப் போய்ப் பார்க்கிறான். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புகிறான். காரணம் கேட்டால், ‘இங்கிலீஷ்காரன் அப்படித்தாம்பா, செத்தாலும் மனசில இருக்கிறதை வெளியே விடமாட்டான்’ என்கிறார்கள்.

எனக்கு இந்தக் காரணத்தோடுதான் சண்டை. ஒரு மனிதன் வாய் திறக்காததை ஒரு தேசத்தின் சுபாவமாக ஆக்கிவிட்டால் பிறகு வரலாற்றுக்கு அங்கே வேலை இல்லை. இந்த ‘ஆங்கிலத் தன்மை’யை நமக்குத் தயாரித்துக் கொடுத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். நாவலாசிரியர் நாகசாகியில் பிறந்து 1960இல் இங்கிலாந்துக்கு வந்தவர். இயக்குநர் அமெரிக்கர். தயாரிப்பாளர்களில் ஒருவரான இஸ்மாயில் மெர்ச்சண்ட் பம்பாய்க்காரர். திரைக்கதை எழுதிய ரூத் பிரவர் ஜாப்வாலா, ஜெர்மனியின் கொலோன் நகரத்து யூதப் பெண். 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர், பிறகு கல்யாணமாகி டெல்லியில் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர். வெளியிலிருந்து பார்த்தவர்கள் சேர்ந்து கட்டிய ஒரு பிரதியை நாம் ரத்தத்தில் ஊறிய குணம் என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம். இந்த மௌனத்தை நான் குணமாக அல்ல, வேலையாக வாசிக்க விரும்புகிறேன். மாதச் சம்பளத்துக்குச் செய்யப்படும் வேலையாக.

நாவலில் ஸ்டீவன்ஸ் ஒரு கதை சொல்கிறான். அவன் அப்பா (அவரும் பட்லர்தான்) திரும்பத் திரும்பச் சொன்ன கதை அது. எஜமானோடு இந்தியாவுக்குப் போன ஒரு பட்லர், சாப்பாட்டு அறைக்குள் நுழைகிறான். மேசைக்கு அடியில் புலி படுத்திருக்கிறது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, விருந்தினரோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் எஜமானின் காதில் துப்பாக்கிக்கு அனுமதி கேட்கிறான். வெடிச்சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, இரவுச் சாப்பாடு வழக்கமான நேரத்துக்கே பரிமாறப்படும், நடந்ததற்கான தடயம் எதுவும் அதற்குள் மிச்சமிருக்காது என்கிறான். ஸ்டீவன்ஸின் அகராதியில் ‘கண்ணியம்’ என்பதற்கு இதுதான் பொருள். விமர்சகர்கள் இதை நகைச்சுவை என்று கடந்துவிடுகிறார்கள். நமக்கு அப்படிக் கடக்க முடியுமா? பட்லரின் இலட்சிய உருவம் இங்கிலாந்தில் வார்க்கப்படவில்லை, இந்தியாவில் ஒரு பங்களாவில் வார்க்கப்படுகிறது. புலி நம்முடையது. (பட்லர் என்ற சொல்லும் வெள்ளைக்காரன் வீட்டுச் சமையற்கட்டு வழியாகத்தான் தமிழுக்குள் வந்தது. மதராஸ் ராஜதானி வேலைக்காரர்களின் உடைந்த ஆங்கிலத்தை ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி பதிவு செய்திருக்கிறது. அந்தக் கிண்டலை இன்றைக்கும் நாமே நம்மைப் பார்த்துச் செய்துகொள்கிறோம்.)

தடயம் இல்லாமல் துடைப்பதுதான் தொழில். 1923இல் மாளிகையில் சர்வதேச மாநாடு நடக்கும்போது ஸ்டீவன்ஸின் அப்பா மாடியில் செத்துக்கொண்டிருக்கிறார். மகன் கீழே விருந்தினர்களுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருக்கிறான். அழுகிறாயா என்று பிரபுவே கேட்கிறார். நாள் முழுக்க வேலை, அந்த அசதி என்று பதில். இதை அடக்கப்பட்ட மனம் என்று ஃப்ராய்டின் பக்கம் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவன் அங்கே உட்கார்ந்து அழுதால் என்ன ஆகும்? அவனுடைய தகுதி போகும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘உணர்ச்சி உழைப்பு’ என்ற கருத்தை வைத்தார்: அங்கே சிரிப்பு உற்பத்தியாகிறது, கம்பெனி அதை விற்கிறது. பட்லரிடம் வாங்கப்படுவது அதற்கு நேர்மாறான சரக்கு. அவன் அறையில் இருக்க வேண்டும், ஆனால் அங்கே யாரும் இல்லாததுபோல் இருக்க வேண்டும்.

கட்டடங்களே இதற்காகத்தான் கட்டப்பட்டன. 1864இல் ராபர்ட் கெர் என்ற கட்டடக் கலைஞர் கனவானின் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அவர் வைக்கும் முதல் விதி அந்தரங்கம். குடும்பத்தார் பகுதியில் நடப்பது வேலைக்காரர் பகுதிக்குத் தெரியவோ கேட்கவோ கூடாது, அங்கே நடப்பது இங்கேயும். வேலைக்காரருக்குத் தனிப் படிக்கட்டு. அவர்களிலும் ஆண்கள் படுக்கிற இடம் ஒரு கோடி, பெண்கள் படுக்கிற இடம் இன்னொரு கோடி. ஏவலாட்களுக்குச் சொந்தப் பெயரைக்கூட விடமாட்டார்கள். யார் வந்தாலும் ஜேம்ஸ், யார் வந்தாலும் மேரி என்று கூப்பிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. ஸ்டீவன்ஸும் மிஸ் கென்டனும் மாலையில் கோகோ குடித்துக்கொண்டு மறுநாள் வேலையைப் பேசுகிற அந்தச் சின்ன அறை, இப்படிப்பட்ட வரைபடத்துக்குள் இருக்கிற அறை.

ஆனால் மாளிகையிலேயே நின்றுவிட்டால் நாமும் ஏமாந்து போவோம். பட்லர் வைத்துக்கொள்ளும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல். இந்தத் தொழிலில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் ஒரு வேலைக்காரியோ இரண்டு வேலைக்காரியோ மட்டும் உள்ள நடுத்தர வீடுகளில்தான் இருந்தார்கள். கரி அள்ளுவதிலிருந்து கக்கூஸ் பாத்திரம் கழுவுவதுவரை எல்லாம் ஒருத்தி. அவளோடு கோகோ குடிக்க யாரும் இல்லை. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களிலேயே ஒரு நிபந்தனை இருக்கும்: பின்னால் வருகிற ஆண் யாரும் இருக்கக் கூடாது. காதலன் என்ற சொல்லைக்கூடத் தரவில்லை பாருங்கள், ‘பின்னால் வருகிறவன்’! சமையற்காரி போலீஸ்காரனைச் சமையலறைக்குள் ஒளித்து வைத்துக் கறி போடுவதுபோல ‘பஞ்ச்’ பத்திரிகை கேலிப்படமாகப் போட்டுத் தள்ளியது. எஜமானர்களுக்குச் சிரிப்பு. மாட்டிக்கொண்டவளுக்கு வேலை போச்சு, கையில் நற்சான்றுக் கடிதமும் இல்லை. அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

அப்படியானால் இந்தப் பெண்களின் காதல் சொல்லப்படாத காதலா? இங்கேதான் கதை திரும்புகிறது. மிஷேல் ஃபூக்கோ பாலியலின் வரலாறு பற்றிய தன் நூலின் முதல் தொகுதியில் (1976) ஒரு கேள்வி கேட்டார். விக்டோரியக் காலம் வாயை அடைத்தது என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் அது ஓயாமல் பேச வைத்த காலம் அல்லவா? மருத்துவர், நீதிபதி, பாதிரி என்று ஒவ்வொருவர் முன்னாலும் உடல் தன்னைப் பற்றி வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. ஃபூக்கோவை நம்ம சிறுபத்திரிகைகளில் தேவைக்கு மேலேயே மேற்கோள் காட்டிவிட்டோம் என்பது தெரியும். ஆனாலும் லண்டன் அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் மனுக்களை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் வெறும் வாதமாக இல்லை, காகிதமும் மையுமாகக் கிடக்கிறது.

தாமஸ் கோரம் என்ற கப்பல்காரர் பாடுபட்டு 1739இல் அரச சாசனம் பெற்று உண்டாக்கிய இல்லம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குழந்தையைச் சேர்க்க மனுப் போட்ட பெண்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள். குழந்தை அவளுடைய முதல் குழந்தையாக, ஒரு வயதுக்குள் இருக்க வேண்டும். அப்பன் கைவிட்டு ஓடியிருக்க வேண்டும். அதற்கு முன் அவள் ஒழுக்கமானவளாக இருந்திருக்க வேண்டும். விஷயம் வெளியில் எவ்வளவு குறைவான பேருக்குத் தெரியுமோ அவ்வளவுக்கு நல்லது. திரும்பவும் வேலைக்குப் போகலாம் அல்லவா. இதையெல்லாம் நிரூபிக்க அவள் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் கமிட்டி முன்னால் நின்று, அவனை எங்கே பார்த்தாள், எத்தனை நாள் பழகினாள், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னானா, உறவு எங்கே நடந்தது என்று வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு ஒரு விசாரணையாளர் போய் விசாரித்துவிட்டு வருவார். காதல் கடிதம் இருந்தால் சாட்சியமாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்த கடிதங்கள் மனுவோடு சேர்த்துக் கட்டப்பட்டு இன்றைக்கும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு வரலாற்றாளர் ஃபிரான்ஸுவாஸ் பாரே-துக்ரோக் இந்த மனுக்களை வைத்தே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

இந்த விதியின் அமைப்பை யோசித்துப் பார்க்கிறேன். ஊருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் கமிட்டிக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். வீட்டில் வாய் திறந்தால் வேலை போகும், இங்கே திறக்காவிட்டால் குழந்தைக்கு இடமில்லை. ஸ்டீவன்ஸுக்கு இருந்த மௌனம் என்ற சொத்து இவளுக்கு இல்லை. தன் காதலை நெஞ்சுக்குள் பூட்டி வைத்து, வயசான காலத்தில் காரில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்ப்பதற்குக்கூட ஒரு அந்தஸ்து தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொரு காதலும் நினைவுக்கு வருகிறது. ஆர்தர் மன்பி என்ற கனவான், ஹன்னா கல்விக் என்ற வேலைக்காரி. 1854இல் லண்டன் தெருவில் சந்தித்தார்கள். 1873இல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் கேட்டுக்கொண்டதால் அவள் அன்றாடம் செய்த வேலைகளை டைரியாக எழுதினாள்: எத்தனை செருப்பு துடைத்தேன், எந்தப் படிக்கட்டைத் தேய்த்தேன் என்று. கல்யாணத்துக்குப் பிறகும் சீமாட்டியாக மாற மறுத்து வேலைக்காரியாகவே இருந்தாள். இதை அடிமைத்தனம் என்பதா விளையாட்டு என்பதா என்று பெண்ணியவாதிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. நானும் இங்கே தீர்ப்பு சொல்லப்போவதில்லை. கவனிக்க வேண்டியது, மன்பி தன் காகிதங்களைப் பெட்டியில் பூட்டி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு விட்டுச் சென்றார், 1950வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கனவானின் ரகசியத்துக்குக் கல்லூரியே காவல். வேலைக்காரியின் ரகசியத்துக்குக் கமிட்டி.

இப்போது படத்துக்குத் திரும்பலாம். எல்லோரும் கொண்டாடுகிற காட்சி ஒன்று உண்டு. ஸ்டீவன்ஸ் தன் அறையில் ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். மிஸ் கென்டன் கிட்டே வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதைப் பிடுங்கிப் பார்க்கிறாள். சாதாரணக் காதல் கதைப் புத்தகம். ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளப் படிக்கிறேன் என்கிறான். நடிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆண்டனி ஹாப்கின்ஸும் எம்மா தாம்ஸனும் மூச்சு விடுவதைக்கூட அளந்து விடுகிறார்கள். ஆனால் அவன் சொல்வதைப் பொய் என்று நாம் ஏன் முடிவு கட்டுகிறோம்? எஜமானின் மொழியில் பேசுவது அவனுக்குத் தொழில். காதல் என்ற பொருளையும் அந்த மொழியின் ஒரு பகுதியாகத்தான் அவன் கற்றுக்கொள்ள முடியும். உள்ளே வேறொரு நிஜமான ஸ்டீவன்ஸ் ஒளிந்திருக்கிறான் என்ற நம்பிக்கை நமக்கு வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அழ முடியாது.

நாம் அப்படி அழுதுகொண்டிருக்கும்போது படத்திலிருந்து இரண்டு பெண்கள் வெளியேறிப் போகிறார்கள். யூத வேலைக்காரிகள். நாஜிகளோடு சமாதானம் பேசிக்கொண்டிருக்கும் பிரபு அவர்களை அனுப்பிவிடச் சொல்கிறார், ஸ்டீவன்ஸ் அனுப்புகிறான். நாவலில் இது 1932 வாக்கில் நடக்கிறது. அவர்கள் பெயர் ரூத், சாரா. படத்தில் அவர்கள் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகளாகிவிடுகிறார்கள். திரைக்கதையில் பெயர் இருப்பவர் ஒரு காலத்தில் அப்படி வந்த சிறுமி என்பதை மறந்துவிட்டு இந்த மாற்றத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. 1938, 1939இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 20,000 பேர், பெரும்பாலும் யூதப் பெண்கள், வீட்டு வேலைக்கான அனுமதிச் சீட்டு பெற்று பிரிட்டனுக்கு வந்தார்கள். தன் வீட்டிலேயே வேலைக்காரி வைத்திருந்தவர்கள், படித்தவர்கள் பலர். உள்நாட்டுப் பெண்கள் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்க்கொண்டிருந்ததால் வீட்டு வேலைக்கு ஆள் பஞ்சம். அதனால்தான் கதவு அந்த அளவுக்காவது திறந்தது. உயிர் பிழைப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை, இன்னொருத்தர் சமையலறையில் சத்தமில்லாமல் இருப்பது. போர் தொடங்கியதும் எதிரி நாட்டவர் என்று பலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். 1940இல் ஆயிரக்கணக்கான பெண்களை ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள்.

நாவலில் மிஸ் கென்டன் அந்த இருவருக்காகச் சண்டை போடுகிறாள், தானும் போய்விடுவேன் என்கிறாள். போகவில்லை. போக இடமில்லை, பயந்துவிட்டேன் என்று பின்னால் அவளே ஒத்துக்கொள்கிறாள். ஒரு வருஷத்துக்குமேல் கழித்து, அப்படிச் செய்தது தப்பு, அந்தப் பெண்களுக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்கிறார் பிரபு. எங்கே இருக்கிறார்களோ, கண்டுபிடிக்க முடியுமா தெரியவில்லை என்கிறான் ஸ்டீவன்ஸ். இதை மிஸ் கென்டனிடம் வந்து சொல்லும்போது, தனக்கும் அது வருத்தமாகத்தான் இருந்தது என்கிறான். அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும், ஏன் எப்போதும் இப்படி நடிக்கிறீர்கள் என்று கேட்கிறாள் அவள். இருவருடைய காதலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வி எதிலிருந்து கிளம்பியது என்பதை விட்டுவிடுகிறார்கள். ஸ்டீவன்ஸ் அதற்கு நேரான பதில் சொல்வதில்லை. கதை வேறொரு வேலைக்காரியின் பக்கம் போய்விடுகிறது. ரூத்தும் சாராவும் எங்கே போனார்கள் என்பது நாவலில் அதன்பின் வருவதில்லை.