பிக்கப் டிரக்குக்கு ரெட்டை சைலன்சர் தேவையா? ஒரு பைப், ரெண்டு பைப்... எது சரி? முழு விளக்கம்

ரீல்ஸில் ஒரு அமெரிக்க பிக்கப் டிரக் வருகிறது. பின்னாடி ரெண்டு பக்கமும் பளபளனு ரெண்டு பைப். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு உறுமல். பார்த்த உடனே பிக்கப் வைத்திருக்கும் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ‘நம்ம வண்டிக்கும் இதே மாதிரி போட்டா என்ன?’

ஆக்சஸரீஸ் கடையில் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். “ரெண்டு பைப் போட்டா புகை ஃப்ரீயா போகும், பவர் ஏறும், மைலேஜும் கிடைக்கும்.” இது உண்மையா? பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

சைலன்சர் என்றால் வெறும் பைப்பா?

நாம் பொதுவாக சைலன்சர் என்று சொல்வது உண்மையில் ஒரு முழு அமைப்பு. இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகையை முதலில் மேனிஃபோல்ட் சேகரிக்கிறது. டர்போ இருந்தால் புகை அதைச் சுழற்றிவிட்டுப் போகும். அடுத்து நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இப்போதைய டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டியும் உண்டு. அதற்குப் பிறகுதான் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளர், கடைசியில் வெளியே தெரியும் டெயில் பைப்.

ஆக, நம் கண்ணுக்குத் தெரிவது கடைசி ஒரு அடி மட்டும்தான். புகை எப்படிப் போகிறது என்பதை முடிவு செய்வது அதற்கு முன்னால் இருக்கும் பாகங்கள்.

அமெரிக்க டிரக்கில் ஏன் ரெண்டு பைப்?

காரணம் இன்ஜின். ஃபோர்டு எஃப்-150-ல் 5.0 லிட்டர், செவர்லே சில்வராடோவில் 5.3 மற்றும் 6.2 லிட்டர், ராம் 1500-ல் 5.7 லிட்டர் என அங்கே வி8 பெட்ரோல் இன்ஜின்கள் பிரபலம். வி8 என்றால் 8 சிலிண்டர்கள் ‘வி’ வடிவில், பக்கத்துக்கு 4 என ரெண்டு வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி மேனிஃபோல்ட். அதாவது இன்ஜினை விட்டு வெளியே வரும்போதே புகைக்கு ரெண்டு வழி இருக்கிறது.

இந்த ரெண்டையும் நடுவழியில் சேர்த்து ஒரே பைப்பாகக் கொண்டுபோனால் அது சிங்கிள். கடைசி வரை ரெண்டாகவே கொண்டுபோனால் டூயல். அந்த உறுமலுக்கும் இன்ஜின்தான் காரணம். இந்த வி8 இன்ஜின்களில் ஒரு வரிசையின் சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. அதனால்தான் ‘கடகட... குடுகுடு’ என்று அந்தத் தாளம். பைப் அந்தச் சத்தத்தை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

எல்லா டூயலும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

• உண்மையான டூயல்: வி வடிவ இன்ஜினின் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி பைப், தனித்தனி மஃப்ளர். ரெண்டு பக்க அழுத்தமும் சமமாக இருக்க நடுவில் ‘ஹெச்’ அல்லது ‘எக்ஸ்’ வடிவ இணைப்பு இருக்கும்.

• பாதி டூயல்: மஃப்ளர் வரை ஒரே பைப். அதன்பிறகு ரெண்டாகப் பிரியும். சத்தம் கொஞ்சம் மாறலாம், பவரில் பெரிய வித்தியாசம் இருக்காது.

• தோற்ற டூயல்: ஒரே பைப்பின் முனையில் ரெண்டு வாய் மாட்டியிருப்பார்கள். சுத்தமான அலங்காரம்.

ஒரு சின்ன கணக்கு

‘ஒன்றைவிட ரெண்டு பெரிது’ என்பது பைப் விஷயத்தில் எப்போதும் சரியல்ல. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வழியின் பரப்பளவு.

• 2 இன்ச் பைப் ரெண்டு: சுமார் 6.3 சதுர இன்ச்
• 3 இன்ச் பைப் ஒன்று: சுமார் 7.1 சதுர இன்ச்
• 2.5 இன்ச் பைப் ரெண்டு: சுமார் 9.8 சதுர இன்ச்
• 3.5 இன்ச் பைப் ஒன்று: சுமார் 9.6 சதுர இன்ச்

ஒரே ஒரு 3 இன்ச் பைப், ரெண்டு 2 இன்ச் பைப்புகளைவிட அதிக வழி விடுகிறது. 3.5 இன்ச் பைப் ஒன்று, 2.5 இன்ச் பைப்புகள் ரெண்டுக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் ‘எத்தனை பைப்?’ என்பதைவிட ‘எத்தனை இன்ச்?’ என்பதே சரியான கேள்வி.

அப்போ பெரிய பைப்பா போட்டுடலாமா?

அதுவும் தப்பு. பைப் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் புகையின் வேகம் குறையும். வேகமாக வெளியேறும் புகை, அடுத்து வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு இது முக்கியம். அந்த வேகம் போனால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையலாம். லோடு ஏற்றி மேடு ஏறும்போதும், டிரெய்லர் இழுக்கும்போதும் தேவைப்படுவது அந்த இழுவைதான்.

‘இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும்’ என்று சொல்வது இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது. இன்ஜினுக்குத் தேவை அடைப்பு அல்ல, சரியான வேகம்.

நம்ம ஊர் பிக்கப்புக்கு என்ன கிடைக்கும்?

இந்தியாவில் விற்கும் இசுஸு வி-கிராஸில் இருப்பது 1.9 லிட்டர் டீசல் இன்ஜின். டொயோட்டா ஹைலக்ஸில் 2.8 லிட்டர் டீசல். ரெண்டுமே ஒரே வரிசையில் 4 சிலிண்டர்கள் கொண்ட டர்போ இன்ஜின்கள். நான்கு சிலிண்டர் புகையும் ஒரே டர்போவுக்குள் போய், ஒரே வழியாகத்தான் வெளியே வருகிறது.

அதாவது இந்த வண்டிகளில் ‘உண்மையான டூயல்’ என்பதற்கு இடமே இல்லை. பின்னால் ரெண்டாகப் பிரித்தாலும் அது பாதி டூயல்தான். டர்போவும் டிபிஎஃப்பும் ஏற்கெனவே சத்தத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், ரீல்ஸில் கேட்ட அந்த வி8 உறுமலும் வராது.

வி8 வண்டியிலேயே கூட, பைப்பை மட்டும் மாற்றினால் கூடும் பவர் பொதுவாகக் குறைவு. அதுவும் அதிக ஆர்பிஎம்மில்தான் தெரியும். தினசரி ஓட்டத்தில் உணர்வது கஷ்டம்.

டூயல் போட்டால் வரும் தொல்லைகள்

• இடம்: பல பிக்கப்களில் ஸ்டெப்னி டயர் தொட்டிக்கு அடியில்தான் இருக்கும். ரெண்டாவது பைப்பை அதற்கும் இலைப்பட்டைக்கும் நடுவே வளைத்துக் கொண்டுபோக வேண்டும். சூடான பைப், டயரையோ பிரேக் ஹோஸையோ ஒயரிங்கையோ ஒட்டிப் போனால் ஆபத்து.

• துரு: குறைந்த தூர ஓட்டத்தில் பைப்புக்குள் நீர் தங்கும். சூடு ரெண்டு பைப்புக்குப் பிரியும்போது அது காய நேரமாகும். சாதாரண இரும்பாக இருந்தால் உள்ளிருந்தே அரிக்கும்.

• காதில் இரைச்சல்: ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது கேபினுக்குள் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். கடை வாசலில் இனிமையாகக் கேட்டது, நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் தலைவலியாகிவிடும்.

• கூடுதல் எடை, கூடுதல் செலவு: எல்லாமே ரெண்டு ரெண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் முக்கியமான இடம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. உற்பத்தியாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இரைச்சல், காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை விதிக்கப்படலாம். லைசென்ஸும் 3 மாதத்துக்குப் பறிபோகலாம்.

அமெரிக்காவிலும் முழுச் சுதந்திரம் கிடையாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது அங்கே மத்திய சட்டப்படி குற்றம். அதனால்தான் அங்கே விற்கும் கிட்களில் பல, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றுபவை. சத்தத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனி விதி.

‘டிபிஎஃப் எடுத்துட்டா போதும் சார்’ என்றால்?

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 2020 ஏப்ரல் முதல் அமலில் உள்ள பிஎஸ்6 விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் டிபிஎஃப்பைச் சுற்றி அழுத்தம், வெப்பம் அளக்கும் சென்சார்கள் உண்டு. கழற்றினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் பவரைக் குறைத்துக்கொள்ளலாம். வாரண்டி சிக்கலாகும், இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் கேள்வி வரும்.

பழைய சைலன்சர் போச்சு, புதுசு வேணும் என்றால்...

1. கம்பெனி கொடுத்த அதே அளவு, அதே வடிவம்தான் பாதுகாப்பான தேர்வு.
2. கடலோர ஊராக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றிக் கேளுங்கள்.
3. டெயில் பைப்பின் முனை வண்டியின் உடலைத் தாண்டி வெளியே வர வேண்டும். தொட்டிக்கு அடியிலேயே முடிந்தால் புகை கேபினுக்குள் வரலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரைப் பறிக்கும்.
4. வேலை முடிந்ததும் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள்.
5. கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன.

சரி, முடிவு என்ன?

வெளிநாட்டில் வி8 பிக்கப் வைத்திருக்கிறீர்கள், அந்த ஊர் சட்டம் அனுமதிக்கிறது, அந்தச் சத்தம் பிடிக்கும் என்றால் டூயலுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. லோடு இழுப்பதுதான் முதல் வேலை என்றால், அங்கேயும் சரியான அளவிலான சிங்கிளே போதும்.

நம் ஊரில் 4 சிலிண்டர் டீசல் பிக்கப் ஓட்டுபவருக்கு டூயல் தருவது தோற்றம் மட்டும்தான். பவர் ஏறாது, மைலேஜ் கூடாது, ஆனால் அபராதம் வரலாம். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள், ஏர் ஃபில்டர் மாற்றுங்கள், நேரத்துக்கு சர்வீஸ் விடுங்கள். வித்தியாசம் வண்டியை ஓட்டும்போதே தெரியும்.